உண்ணிக்குத் தீக்குச்சியா, ப்ளக்கரா? (முள்ளு, சிலாம்புக்கும் சேர்த்து)

டிசம்பர் 3

லோயர் கேம்ப் தம்பி ஒருத்தர் போட்டது: "மாடு மேய்க்கப் போற எங்க மாமா, உடம்புல உண்ணி ஏறினா தீக்குச்சியைப் பத்தவச்சு அணைச்சு, அந்தச் சூட்டோட அது முதுகுல வைப்பாரு. தானா விட்டுட்டு விழுந்துரும். ப்ளக்கரு, ஸ்பிரிட்டுன்னு படம் காட்டுறதெல்லாம் டவுன்காரங்க வேலை. முள்ளுக்கும் அதே கததான், எருக்கம்பாலை வச்சா தானா வெளிய வந்துரும். இல்லைன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

டிசம்பர் 3, ராத்திரி

இல்லைன்னு நான் சொல்றேன். கூடலூர்ல தையக்கடை வச்சிருக்கேன். எங்க தெருவுல யாருக்கு முள்ளு ஏறினாலும், சிலாம்பு (மரம், கம்பியில பேர்ந்த ஊசித் துணுக்கு) குத்தினாலும், உண்ணி ஒட்டினாலும் நேரா என் மிஷினுக்குத்தான் வருவாங்க. வெளிச்சமும் ஊசியும் அங்கதான இருக்கு. கடை போடுறதுக்கு முந்தி நானும் விடியக்காலம் ஜீப்புல ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவதான். அதனால டவுன்காரின்னு தள்ளிவிட முடியாது.

தம்பி, உண்ணி எறும்பு கடிக்கிறாப்புல கடிச்சிட்டு நிக்கலை. நீளமான வாய் உறுப்பு ஒண்ணைத் தோலுக்குள்ள இறக்கி வச்சிருக்கு. அதுல பின்பக்கம் பாத்த முள்ளு வரிசை வரிசையா இருக்கும். பத்தாததுக்கு நிறைய வகை உண்ணி, பசை ஒண்ணைச் சுரந்து தன்னைத் தோலோட ஒட்டிக்கும். எச்சில்ல வலி தெரியாம மரக்கடிக்கிற சரக்கும் இருக்கு, ரத்தம் உறையவிடாத சரக்கும் இருக்கு. அதான் ஏறினதே தெரியாம நாள்கணக்கா உக்காந்திருக்கும்.

இப்பிடி ஆணி அடிச்சு உக்காந்ததுக்குச் சூடு வச்சா, நெனச்ச மாத்திரத்துல கழட்டிட்டு ஓட அதால முடியாது. வேதனையில எச்சிலையும் வயித்துல இருக்கிறதையும் உன் உடம்புக்குள்ளயே கக்க வாய்ப்பு இருக்கு. கிருமி இருந்தா அதுலதான் இருக்கும். மண்ணெண்ணெய், வாசலின், நெயில் பாலிஷ், சுண்ணாம்பு, மூக்குப்பொடி எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

மாமாவுக்கு விழுந்துச்சுன்னா, அது குடிச்சு முடிச்சு தானாக் கழண்டுக்கிற நேரமா இருந்திருக்கும். இல்லைன்னா உடம்பு வந்து வாய் உள்ளயே நின்னிருக்கும். மாமா தோலைச் சுட்டுக்கிட்டது தனிக் கணக்கு.

டிசம்பர் 4

எடுக்கிற விதம் கேட்டிருக்காங்க.

ப்ளக்கரோட மூக்கு கூரா இருக்கணும். புருவம் எடுக்கிற தட்டை மூக்கு ப்ளக்கர் உண்ணியோட வயித்தைத்தான் கவ்வும். வயித்தை அமுக்கினா தீக்குச்சி வச்ச கததான். என்கிட்ட இருக்கிறது ஓவர்லாக் மிஷினோட நூல் கோக்குறதுக்குன்னு டப்பாவுலயே வந்தது. நீளமா, மூக்கு லேசா வளைஞ்சு, நுனி ஊசியா இருக்கும். நூல் கோத்ததை விட முள்ளு எடுத்ததுதான் அதிகம்.

தோலை ஒட்டுனாப்புல, அது வாயை இறக்கியிருக்கிற இடத்துல பிடிக்கணும். நேரா மேல இழுக்கணும், ஒரே சீரா. வெடுக்குனு இழுக்கக் கூடாது, திருகவும் கூடாது. தோலு கொஞ்சம் கூட எழும்பி வரும். அந்தப் பிடியிலயே இழுத்தமேனிக்கு நில்லு. முதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அங்கதான் எல்லாருக்கும் பொறுமை போயிருது. நின்னா, சட்டுனு பிடி இளகுறது விரலுக்கே தெரியும். நுனியில பொடித் தோல் ஒட்டி வந்தா பயப்படாதே, வாயோட முழுசா வந்திருக்குன்னு அர்த்தம்.

எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டோ பொவிடோன் அயோடினோ வை. கையையும் கழுவு. எடுத்த உண்ணியைச் செல்லோடேப்புல மடிச்சு ஒட்டிக் குப்பையில போடு, இல்ல ஸ்பிரிட்டுக்குள்ள போடு. பேன் குத்துற பழக்கத்துல ரெண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவுல வச்சு நசுக்காதே. தெறிக்கிறது நகக்கண் வெடிப்பு வழியா உள்ள போகும்.

வாய்த் துணுக்கு உள்ளயே நின்னுட்டா? நுனி தெரிஞ்சா ப்ளக்கர்ல எடு. தெரியலைன்னா விட்டுரு. அது உயிரில்லாத துணுக்கு, நாளாவட்டத்துல தோலே வெளிய தள்ளிரும். அதுக்காக ஊசியால தோண்டிப் புண்ணாக்குறவங்கதான் அதிகம்.

டிசம்பர் 4, மத்தியானம்

"ப்ளக்கர் இல்லாத காட்டுல?" நூல். கைலியோரத்துல உருவுன நூல் போதும். தோலை ஒட்டி ஒரு சுருக்கு, மெதுவா இறுக்கு, நேரா மேல இழு. அதுவும் இல்லைன்னா விரல்ல இலையோ பிளாஸ்டிக் கவரோ சுத்திக்கிட்டு, தோலோரமாப் பிடிச்சு இழு. வீட்டுக்குப் போயி எடுத்துக்கலாம்னு விட்டு வைக்கிறதை விட அது மேல்.

டிசம்பர் 7

சிலாம்புக்கு வாறேன். உண்ணிக்குச் சொன்ன நேர் மேல இழுக்கிற கணக்கு இதுக்கு ஆகாது. சிலாம்பு எந்தச் சாய்வுல போச்சோ அதே சாய்வுலதான் திரும்பி வரணும். நேரா மேல தூக்கினா பாதியில ஒடிஞ்சு, மிச்சம் இன்னும் ஆழத்துல நிக்கும்.

அதனால மொதல்ல பாக்கணும். லைட்டை மேல இருந்து அடிக்காதே, பக்கவாட்டுல தாழ்த்தி வை. தோலுக்குள்ள படுத்திருக்கிற சிலாம்பு ஒரு கோடா நிழல் கட்டும். வெத்துக் கண்ணுக்குத் தெரியலைன்னா போன் கேமராவைப் பெருசாக்கிப் பாரு. எங்க மதினிக்கு மூங்கில் கூடை சிலாம்பு உள்ளங்கையில ஏறி, வீட்டுல ஆளாளுக்கு நோண்டி, ரத்தக் களறியா வந்தாங்க. லைட்டைத் தாழ்த்தினதும் கோடு தெரிஞ்சுது. அவங்க நோண்டினது தலைப்பக்கம் இல்லை, வால் பக்கம். உள்ள போன முனையைத் தோண்டி என்ன பிரயோசனம்? நுழைஞ்ச வாசல்லதானே பிடி கிடைக்கும்.

நுனி வெளிய தெரிஞ்சா ப்ளக்கர். தெரியலைன்னா ஊசி. புது ஊசியா இருந்தாலும் ஸ்பிரிட்டுல துடைச்சு எடு, இல்ல கொதிக்கிற தண்ணியில போட்டு எடு. விளக்குல காட்டினா கரி படியும், அந்தக் கரியும் சேர்ந்து உள்ள போகும், காட்டினா துடைச்சிரு. நுழைஞ்ச வாய்க்கு மேல இருக்கிற மேல்தோலை மட்டும் ஊசியால கீறி விலக்கு. அது செத்த தோலு, வலிக்காது. தலை தட்டுப்பட்டதும் ஊசி முனையால நெம்பி, ப்ளக்கர்ல பிடிச்சு, வந்த வழியே உருவு. ரெண்டு பக்கமும் விரல் வச்சுப் பிதுக்காதே. சிலாம்பு உள்ளயே துண்டாகும்.

சுடுதண்ணியில ஊறப் போட்டா வந்துரும்னு போடிக்காரர் எழுதியிருக்கார். அண்ணே, கண்ணாடித் துணுக்கு, இரும்புன்னா ஊற வைங்க, தோல் இளகும். மரம், மூங்கில், தென்ன ஈக்குன்னா வேணாம். தண்ணி குடிச்சு உப்பி, பிய்ஞ்சு, எடுக்கவே வராது. கழுவினதும் துடைச்சிட்டு, காஞ்ச கையிலயே எடுக்கணும்.

டிசம்பர் 8

திராட்சைப் பந்தல்காரங்க கம்பிச் சிலாம்பைப் பத்திக் கேட்டிருக்காங்க. பந்தல் கம்பி இத்துப் போயி, பிரியில ஒரு மயிரிழை விரல்ல ஏறும். எனக்குத் தெரிஞ்சு எடுக்கிறதுக்குச் சுலுவானது இதுதான், உடையாது, உப்பாது. ஆனா அது தோட்டத்து மண்ணும் சாணியும் பட்ட கம்பி. பழைய இரும்பு, துரு இதுதான் தனுர்வாதம்னு சனம் நெனைக்குது. துருவுல ஒண்ணும் இல்லை, கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கு. வேலிமுள்ளு குத்தினாலும் அதே ஆபத்துதான். ஊசி போட்டு அஞ்சு வருசம் தாண்டியிருந்து, காயம் அழுக்காவும் ஆழமாவும் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல போயிப் போட்டுக்கங்க. முன்ன டிடி (TT)ன்னு தனுர்வாதத்துக்கு மட்டும் போட்டாங்க, இப்ப போடுறது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து.

புண்ணு மேல சாணி வைக்கிற ஆளுங்க இன்னும் இருக்காங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. வேற என்ன சொல்ல.

டிசம்பர் 8, ராத்திரி

எருக்கம்பால். லோயர் கேம்ப் தம்பி விட மாட்டேங்குது.

எங்க அப்பத்தாவும் வச்சவங்கதான். பால் வச்ச எடம் பொங்கி, சீழ் கோத்து, அந்தச் சீழோட முள்ளு வெளிய வரும். ஊரே அதை மருந்துன்னு சொல்லும். எனக்கென்னமோ உடம்பு தன் வேலையைப் பாத்ததுக்கு எருக்கஞ்செடி பேர் வாங்கிக்கிச்சுன்னுதான் தோணுது. முள்ளு உள்ள நின்னா எருக்கு வைக்காட்டாலும் சீழ் பிடிக்கும். பால் தோலை அரிக்கிறது உபரி.

என் பயம் அது இல்லை. எருக்கை ஒடிச்ச கையோட கண்ணைக் கசக்கிட்டா கருவிழி வீங்கும், பார்வை மங்கும். மொதல்ல வலி கூட பெருசா இருக்காது, அதனால அசட்டையா விட்டுருவாங்க. பட்டா உடனே நெறயத் தண்ணி விட்டு, நேரம் எடுத்துக் கழுவிட்டு, கண் டாக்டர்கிட்ட போயிரணும். முள்ளு வலி ரெண்டு நாள் வலி தம்பி, கண்ணைப் பணயம் வைக்கிற அளவு பெருசு இல்லை.

முள்வாங்கியைப் பத்தி யாரும் பேசலையே? அந்தக் காலத்துல ஆடு மேய்க்கிறவங்க அரைஞாண்ல கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க. குத்தி நெம்ப ஊசி, பிடிச்சு இழுக்கக் கவ்வி, ரெண்டும் ஒரே வளையத்துல. கொல்லன் பட்டறையில அடிச்சது. என் ஓவர்லாக் ப்ளக்கரும் ஊசியும் செய்யிற வேலை அச்சா அதுதான். இதைப் போயி டவுன்காரங்க வேலைன்னு சொல்லிப்புட்டியே.

டிசம்பர் 11

ஒரு கலவரம் நடந்திருக்கு. "கூடலூர்ல உண்ணி கடிச்சா குரங்குக் காய்ச்சல் வருமாமே"ன்னு ஒருத்தர் கேக்க, எங்க தெருவுல ரெண்டு வீட்டுல மலைக்குப் போகாம இருந்துட்டாங்க. அவர் சொன்னது நீலகிரிக் கூடலூர். நான் இருக்கிறது கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர். அவங்க ஏறினா வயநாடு, நாங்க ஏறினா குமுளி. தபால்காரர் காலத்துலேர்ந்து இந்தக் குழப்பம் இருக்கு.

நீலகிரிக் கூடலூர்க்காரர் நல்லா விளக்கியிருக்கார். நான் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். 1957-ல கர்நாடகா சிவமொக்கா மாவட்டத்துல கியாசனூர்க் காட்டுல குரங்குங்க செத்துச் செத்து விழுந்துச்சு, சுத்துன ஊர்ல ஆளுங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சு. அந்தக் காட்டுப் பேரையே நோய்க்கு வச்சாங்க. வைரஸ் நோய், காட்டு உண்ணி மூலமாப் பரவுறது. 2015-ல வயநாட்டுல நிறையப் பேருக்கு வந்துச்சு. மனுசனுக்குப் பெரும்பாலும் ஒட்டுறது முழு உண்ணி இல்லை, அரைப்பருவக் குஞ்சு, பாத்தா மண்ணுத்துளின்னு துடைச்சு விட்டுருவோம். மழை ஓய்ஞ்சு காடு காயுற மாசங்கள்ல, கார்த்திகையிலேர்ந்து சித்திரை வைகாசி வரைக்கும் அதுங்க நடமாட்டம் ஜாஸ்தி. கடிச்சு மூணு நாள்லேர்ந்து எட்டு நாளைக்குள்ள திடீர்னு கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிஞ்சு போற வலி. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துத்தான் தேத்தணும். முன்ன போட்டுக்கிட்டிருந்த தடுப்பூசியையும் 2022-ல நிறுத்திட்டாங்க.

காட்டுல செத்த குரங்கைப் பாத்தா கிட்டப் போகாதீங்க. செத்த உடம்பு ஆறினதும் அதுல இருந்த உண்ணியெல்லாம் இறங்கி வேற ஆள் தேடும். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லிவிட்டாப் போதும்.

மலைக்குப் போகாம நின்ன ரெண்டு வீட்டுக்கும் இதைத்தான் சொன்னேன், எந்தக் கூடலூர்னு மொதல்ல கேளுங்கன்னு. "அப்ப இன்னிக்குக் கூலி?"ன்னு என்னையக் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல.

டிசம்பர் 12

வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு "உண்ணி கடிச்ச எடத்துல வட்டமாச் செவந்தாத்தான் ஆபத்து"ன்னு எழுதுறவங்களுக்கு: அது லைம் நோய். அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருக்கிற ஊர்ப் பேரு அது. இங்க வட்டம் இல்லைன்னு நிம்மதியாத் தூங்குறதுல அர்த்தமே இல்லை.

டிசம்பர் 19

இதைத்தான் நான் மொதல்லயே எழுதியிருக்கணும்னு தோணுது, ப்ளக்கர் மூக்கைப் பத்திப் பேசினதுக்கு முந்தி.

எங்க தெருவுல மலைக்குப் போற ஒரு அக்கா. காய் எடுத்துட்டு வந்து காய்ச்சல்ல படுத்தாங்க. கிட்டத்துல ஒரு கிளினிக்குல காட்டினாங்க, டைபாய்டுன்னு ஊசி, குளுக்கோஸ். நாள் போகுது, காய்ச்சல் விடலை, தலைவலி மண்டையைப் பிளக்குது. ரவிக்கை அளவைச் சரி பண்ண வந்தப்ப டேப்பு வைக்கிறேன், மார்புக்குக் கீழ, உள்பாடி பட்டி அழுத்துற எடத்துல ஒரு புண்ணு. கறுத்த பொருக்கு, சுத்தி செவப்பு, பீடி வச்சுச் சுட்டாப்புல. "இது என்னக்கா?"ன்னா "வலிக்கலைடி, அப்பிடியே கெடக்கு"ன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னேன். அந்த எடத்தை எப்பிடிடி காட்டுவேன்னாங்க.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்தப் பொருக்கைப் பாத்ததுமே டாக்டரம்மா ஸ்க்ரப் டைபஸ்னு சொல்லிட்டு, ரத்தத்தை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, ரிசல்ட் வர்றதுக்கு முந்தியே டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்குச்சு. விலை அதிகமில்லாத மாத்திரை. ஆனா தாமதம் ஆயிட்டா நுரையீரல், கிட்னி, மூளை வரைக்கும் போகுமாம். கர்ப்பிணிங்களுக்கு அசித்ரோமைசின் குடுப்பாங்க. எதா இருந்தாலும் டாக்டர் எழுதித்தான், மெடிக்கல்ல நீங்களாக் கேட்டு வாங்காதீங்க.

நம்ம ஊர்ல இதையும் உண்ணிக் காய்ச்சல்னுதான் சொல்றாங்க, கேரளா பக்கம் செள்ளுப்பனிம்பாங்க. ஆனா இது மாட்டு உண்ணியால வர்றது இல்லை. புதர்லயும் புல்லுலயும் இருக்கிற செம்பேன் வகை ஒண்ணோட குஞ்சு கடிக்கிறதால வர்றது. கண்ணுக்குத் தெரியாத சைஸு. அதை ப்ளக்கர்ல பிடிக்கவே முடியாது, கடிச்சிட்டு அதுவே போயிரும். காய்ச்சல் வர்றதுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும், மூணு வாரம் வரைக்கும் கூட இழுக்கும். அதுக்குள்ள மலைக்குப் போனதே மறந்து போயிருக்கும்.

அதனால உண்ணியை அழகா எடுத்துட்டேன், கத முடிஞ்சுதுன்னு உக்காராதீங்க. உண்ணியே ஏறலை, எனக்கு எப்பிடிக் காய்ச்சல் வரும்னும் கேக்காதீங்க. மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல்னா டாக்டர்கிட்ட மொத வார்த்தையா "மலைக்கு வேலைக்குப் போறேன்"னு சொல்லணும். அவர் கேக்கலைன்னாலும் சொல்லணும். உடம்புல பொருக்கு இருக்கான்னு வீட்டுல பொம்பளையாளு ஒருத்தர் பாக்கணும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ, தொப்புள், பாவாடை நாடா இறுக்குற எடம், காதுக்குப் பின்னாடி. டாக்டர்கிட்ட காட்டக் கூச்சமா இருந்தா நர்ஸம்மாகிட்ட காட்டுங்க, இல்ல வாயாலயாவது "இன்ன எடத்துல கருப்பு பொருக்கு"ன்னு சொல்லுங்க.

டிசம்பர் 20

"பொருக்கு இல்லைன்னா ஸ்க்ரப் டைபஸ் இல்லைன்னு அர்த்தமா?" இல்லை. நிறையப் பேருக்குப் பொருக்கே வராது. இருந்தா டாக்டருக்கு வேலை சுலுவு, அவ்வளவுதான்.

நேத்து எழுதினதுக்கு குமுளி அக்கா ஒருத்தர் பதில் போட்டிருக்காங்க. அவங்க தோட்டத்து ஸ்டோர்ல வேலை முடிஞ்சதும் பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் முதுகைப் பாத்துட்டுத்தான் ஜீப் ஏறுவாங்களாம். நல்ல பழக்கம். எங்க செட்டுல தலையில பேன் பாக்க உக்காருவோம், அதோட பொறங்கழுத்தும் காதும் பாத்த மாதிரி ஆயிரும்.

டிசம்பர் 27

சர்க்கரை வியாதிக்காரங்க யாராவது இந்த இழையைப் பாத்து ஊசியை எடுத்திருந்தா, கீழ வச்சிருங்க.

பக்கத்துத் தெரு பெரியவர், கால்ல கருவேல முள்ளு ஏறினது தெரியாமயே நடந்திருக்கார். அந்தக் காலு மரத்துப் போயிருக்கு, வலி எப்பிடித் தெரியும்? செருப்புல ரத்தம் பாத்து மருமக கூட்டிட்டு வந்துச்சு. நான் தொடவே இல்லை. உள்ளங்கால்ல ஓரம் வெள்ளையா ஊறிப்போன ஓட்டை, அமுக்கினா வாடை. ஆஸ்பத்திரியிலதான் திறந்து எடுத்தாங்க. காலு நிலைச்சிருச்சு, ஆனா நாள் பிடிச்சுது. சீமைக் கருவேல முள்ளு செருப்பையே துளைச்சிட்டுப் போகும், அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

வேற எதெல்லாம் நான் திருப்பி அனுப்புவேன்னா: கண்ணுலயோ கண் ஓரத்துலயோ இருந்தா, நகத்துக்கு அடியில ஆழத்துல போயிருந்தா, விரல் கணுவுல குத்தியிருந்தா, பெரிய கண்ணாடின்னா, குத்தின எடத்துலேர்ந்து செவப்புக் கோடு மேல ஏறினா. "நீதான் நல்லா எடுப்பியே"ன்னு மல்லுக்கு நிப்பாங்க. எடுக்கத் தெரிஞ்சவளுக்கு எடுக்கக் கூடாததும் தெரியணுமில்ல.

ஜனவரி 6

போடிக்காரர்: புல்லறுத்துட்டு வந்தேன், முழங்காலுக்குக் கீழ எள்ளைத் தூவின மாதிரி ஏறியிருக்கு, ஒவ்வொண்ணா ப்ளக்கர்ல எடுத்தா பொங்கலே வந்துரும்.

அண்ணே, அது உண்ணிக் குஞ்சு. ஒரு தாய் இட்ட முட்டை மொத்தமாப் பொரிச்சு, ஒரே புல்லு நுனியில கூட்டமாத் தொங்கிக்கிட்டிருக்கும், அதுல போயிக் காலை வச்சிருக்கீங்க. ஆறு காலுதான் இருக்கும், பெருசானதும் எட்டு. செல்லோடேப்பை எடுத்து ஒட்டி ஒட்டிப் பிரிங்க. இன்னும் ஊனாத குஞ்செல்லாம் டேப்போட வந்துரும். அப்புறம் சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்ச்சுக் குளிங்க. ஊனிட்டதை மட்டும் ப்ளக்கர்ல எடுத்தாப் போதும். போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குள்ள சுருட்டிப் போடாதீங்க, கொதிக்கிற தண்ணியில முக்குங்க. வெறும் பச்சத்தண்ணியில அலசினா அதுங்க சாகாது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டுறப்பதான் எல்லாருக்கும் உண்ணி கண்ணுல படும். காதுக்குள்ள, அலைதாடி மடிப்புல, மடிக்குப் பக்கத்துல, வால் அடியில. குடிச்சு முட்டின பொட்டை உண்ணி ஆமணக்கு முத்தாட்டம் பளபளன்னு இருக்கும். பசங்க பிடுங்கித் தரையில போட்டுக் கல்லால நசுக்கி விளையாடுதுங்க. ரத்தம் மூஞ்சியில தெறிக்குது.

நசுக்கவும் வேணாம், தொழுவத்துல தூக்கிப் போடவும் வேணாம். அந்த ஒத்தை உண்ணி கீழ விழுந்தா செவுத்து விரிசல்ல போயி ரெண்டாயிரம் மூவாயிரம் முட்டை இடும். ஒரு பழைய டப்பாவுல மண்ணெண்ணெயை ஊத்தி வச்சுக்கிட்டு, கையில கவரை மாட்டிக்கிட்டு, எடுத்து எடுத்து அதுல போடு. லோயர் கேம்ப் தம்பி, மண்ணெண்ணெய்க்கு வேலை இங்கதான்.

கோழி இருக்கிற வீட்டுல தொழுவத்துல உண்ணி கம்மியா இருக்கும், கொத்தித் தின்னுரும். இருந்தாலும் மருந்து வேணும். மாட்டு டாக்டர்கிட்ட கேட்டு மேல ஊத்துற மருந்தோ ஊசியோ போடுங்க. கறவை மாடுன்னா எத்தனை நாளைக்குப் பாலைக் குடிக்கக் கூடாதுன்னும் கேட்டுக்கங்க. மாட்டுக்கு மட்டும் போட்டு, செவுத்து விரிசலை விட்டா ஒரு மாசத்துல பழையபடி ஏறிரும். விரிசலை பூசி அடைங்க.

ஜனவரி 29

டிசம்பர் 7-ல போட்ட மூங்கில் சிலாம்பு கதைக்குத் தொடர்ச்சி, ஆனா ஆள் வேற. மிளகுக் கொடி ஏத்துன கல்யாண முருங்க மரத்து முள்ளு விரல் கணுவுல குத்தி, "எடுத்தாச்சு"ன்னு விட்டிருக்கார் ஒருத்தர். மாசக்கணக்காக் கணு வீங்கி, மடக்க முடியலை. வாதம்னு தைலம் தேய்ச்சிருக்கார். எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு.

மரம், முள்ளு எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாதுங்க. இரும்பு தெரியும், கண்ணாடி அனேகமாத் தெரியும். மரத்துக்கு ஸ்கேன் பாக்கணும், வயித்துல பிள்ளை பாக்குற அதே ஸ்கேன்தான். டாக்டர்கிட்ட "எப்பவோ இந்த எடத்துல முள்ளு குத்துச்சு"ன்னு சொன்னாத்தான் அவருக்கே அந்த யோசனை வரும். இவரு சொல்லலை, அவரு கேக்கலை. கடைசியில ஸ்கேன்ல கணுவுக்குள்ள ஒரு துணுக்கு கெடந்துச்சு, ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. இப்ப மடக்குறார்.

மலையைப் பத்திச் சொல்லணும்னு டிசம்பர்ல எழுதினேனே, முள்ளுக்கும் அதே வழக்குதான்.

பிப்ரவரி 9

லோயர் கேம்ப் தம்பி திரும்ப வந்திருக்கு. மாமாவுக்கு ப்ளக்கர் வாங்கிக் குடுத்திருச்சாம், அவர் அதுல மூக்கு முடி எடுக்கிறாராம். உண்ணி எடுக்கிறதுக்குத் தனியா ஒண்ணு வாங்கு தம்பி. கம்பத்துல தையல் சாமான் கடையில ஓவர்லாக் ப்ளக்கர்னு கேளு, மூக்கு வளைஞ்சது. வாங்குறப்ப வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரெண்டு நுனியும் சரியாச் சேருதான்னு பாரு, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வேற எடு.

அட்டைக்கும் இதே ப்ளக்கரான்னு கேட்டிருக்க. அட்டைக்கு நகம் போதும். ஒல்லி முனையிலதான் வாய் இருக்கும், அந்தப் பக்கம் நகத்தைத் தோலோட ஒட்டி நகர்த்தினா பிடி விட்டுரும். அப்புறம் தடிச்ச முனையையும் அப்பிடியே எடுத்து எறி. உப்பு, புகையிலை வைக்கிறதைப் பத்திச் சண்டை போடணும்னா தனி இழை தொறந்து கூப்பிடு. இன்னிக்குக் கல்யாண ரவிக்கை தைக்கக் கெடக்கு.